ஈச்சிறகளவு தோல்

நாலடியாரின் 41-ஆம் பாட்டு, ஒரு பெண்ணைப் பார்த்து உருகுகிற ஆண்களைக் கேலி செய்து தொடங்குகிறது. மூன்றாம் அடியில் திடீரென்று அளவுகோலைக் கையில் எடுக்கிறது.

மாக்கேழ் மடநல்லாய் என்றரற்றும் சான்றவர்
நோக்கார்கொல் நொய்யதோர் புக்கிலை – யாக்கைக்கோர்
ஈச்சிற கன்னதோர் தோல்அறினும் வேண்டுமே
காக்கை கடிவதோர் கோல்.

உடம்பில் ஈயின் சிறகளவு தோல் பெயர்ந்தால் போதும், காக்கை விரட்ட ஒரு தடி தேவைப்படும். வீட்டு ஈயின் சிறகு ஐந்தாறு மில்லிமீற்றர் நீளம். சவர அலகு தவறினால் தாடையில் போகிற தோல் அவ்வளவுதான். மேடைகளில் இந்தப் பாட்டை ‘நிலையாமை’ என்ற ஒரே உறைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அளவு சொல்லியிருக்கிற பாட்டுக்கு அளவோடுதான் மறுமொழி சொல்லவேண்டும்.

இலங்கை மலையகத்தில் உடம்பைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் இன்று கணிசம். அட்டை கடித்த கால், கூடைக் கயிறு அழுத்திய உச்சந்தலை, பனிக்கு வெடித்த குதிகால் எல்லாம் கவிதைக்குள் வந்துவிட்டன. சித்தர் பாட்டுக்கும் நாலடியாருக்கும் எதிர்ப்பாட்டு எழுதிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் பல ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன. தோல் திறக்கிற இடம் அது. அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாததால், ஏற்கனவே படித்த பாட்டிலிருந்து இரத்தத்தையும் சீழையும் கடன் வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். ஆகவே முதலில் மேசை.

பேராதனையில் மருத்துவ பீடம் 1962-இல் தொடங்கியது. மலைநாட்டுக்காரருக்குக் கிட்டிய உடற்கூற்று மேசை அதுதான். பேராதனையானாலும் வேறெங்கேயானாலும், மாணவருக்கு முன்னால் கிடத்தப்படும் உடல் நேற்று இறந்ததாக இராது. தொடையிலோ கழுத்திலோ ஒரு நாடியைத் திறந்து, போர்மலின், பீனோல், கிளிசரின், அற்ககோல் கலந்த திரவத்தை லீற்றர் கணக்கில் ஏற்றி, பிறகு மாதக்கணக்கில் பதப்பட விட்டிருப்பார்கள். போர்மலின் புரதங்களை ஒன்றோடொன்று கோத்துக் கட்டிவிடும். அதனால் அழுகல் நிற்கிறது. அதே காரணத்தால் தசை விறைத்து, அவித்த இறைச்சியின் மங்கல் நிறத்துக்கு வந்துவிடுகிறது. மணம் மூக்கைவிடக் கண்ணைத்தான் முதலில் பிடிக்கும். பெரிய வெங்காயம் வெட்டினால் வருகிற மாதிரிக் கண்ணீர். அழுகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கவிதையில் இரண்டையும் குழப்பக்கூடாது.

வெட்டினால் இரத்தம் வராது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ‘கத்தி பட்டதும் செங்குருதி பீறிட்டது’ என்ற அடி எத்தனையோ கவிதைகளில் வருகிறது. பீறிட ஒரு இதயம் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் மேசையில் கிடக்கும் பதப்படுத்தாத உடலில்கூட இரத்தம் கசியும், ஒழுகும், தேங்கும். பீறிடாது.

அந்த இரண்டு மேசையையும் நம் ஊரில் ஒன்றாகவே பார்க்கிறார்கள். இரண்டுக்கும் ‘அறுக்கிறது’ என்ற ஒரே சொல், ஒரே பயம். பிரேத பரிசோதனை சாவின் காரணத்தைத் தேடுகிறது. கழுத்திலிருந்து அடிவயிறு வரை ஒரே கீறல், உள்ளுறுப்புகளை எடுத்து நிறுத்துப் பார்த்து, திரும்ப வைத்துத் தைத்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடியும். உடற்கூற்று மேசைக்குக் காரணம் தேவையில்லை. ஒரு உடலைச் சுற்றி ஒரு குழு மாதக்கணக்காக நிற்கிறது. முதலாவது மேசையில் வேகம், மற்றதில் பொறுமை. கவிஞர் எந்த மேசையைப் பற்றி எழுதுகிறார் என்று முதல் நாலு அடியிலேயே தீர்மானித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கவிதையின் காலமே கலங்கிப்போகும்.

நெஞ்சில் முதல் கீறல் கழுத்துக் குழியிலிருந்து நெஞ்சென்பின் கீழ்முனை வரை நேராகப் போகும். பிறகு மேல்முனையிலிருந்து காறையென்பின் மேலாகத் தோளை நோக்கி ஒன்று. மூன்றாம் இலக்கப் பிடி, அதில் பத்தாம் அல்லது பதினைந்தாம் இலக்க அலகு. தோலின் தடிப்பு உடம்பின் பெரும்பகுதியில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர். முதுகில் அதைவிடக் கூட, கண்ணிமையில் மிகக் குறைவு. இரண்டு கீறல் சந்திக்கும் மூலையைப் பல்லுள்ள இடுக்கியால் தூக்கி, அலகைத் தோலின் பக்கம் சாய்த்துப் பிடித்துத் தோலை விடுவிப்பார்கள். ஆழம் சரி என்றால் தோலின் உட்புறம் வெள்ளையாக, நுண்ணிய குழிகளோடு, தோடம்பழத் தோலைத் திருப்பிப் பார்த்த மாதிரி இருக்கும். கத்தியைச் சற்று அழுத்திவிட்டால் கொழுப்பும் தோலோடு சேர்ந்து வந்துவிடும். அந்தக் கொழுப்புக்குள்தான் தையல் நூல் தடிப்பில் தோலுக்கான நரம்புகள் ஓடுகின்றன. புதியவர்கள் முதல் நாளிலேயே தொலைப்பது அவற்றைத்தான். தொலைந்ததே தெரியாது, ஏனென்றால் எதைத் தேடவேண்டும் என்று இன்னும் தெரியாது.

தோலுக்குக் கீழே கொழுப்பு, மஞ்சள் நிறத்தில். நிணம் என்று பழம்பாட்டுகளில் பேர் அடிக்கடி வரும், நிறம் அநேகமாக வராது. கசாப்புக் கடையைத் தாண்டி நடந்த எவருக்கும் தெரிந்த மஞ்சள்தான். அதை ‘அருவருப்பு’ என்ற சொல்லால் மூடிவிட்டுப் போனால் ஒரு முழு அடுக்கு கவிதையிலிருந்து காணாமல் போகிறது.

கொழுப்பைத் தாண்டியதும் கத்தியின் வேலை பெரும்பாலும் முடிந்தது. அதன் பிறகு நுனி மூடிய கத்தரிக்கோலை இழையங்களுக்கு நடுவே செலுத்தி, மெல்ல விரிக்க வேண்டும். வெட்டுவதற்குச் செய்த கருவியைத் திறப்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். மிச்சத்தை விரல் செய்யும். மாலையில் ஈரத் துணி போட்டு மூடாமல் போனால் மறுநாள் எல்லாம் காய்ந்து கருவாடாகிவிடும், நரம்பும் நாளமும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க முடியாமல் போகும். மேசையில் நிற்பவர்களின் வினைச்சொற்கள் பிரி, விலக்கு, துடை, நனை, மூடு. ‘அறு’வின் பங்கு அவற்றைவிடச் சிறியது. எதிர்ப்பாட்டு எழுதுகிறவர் இந்த ஐந்து வினையையும் ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்டால், பாட்டின் தொனி தன்னால் மாறும்.

இனிப் பேர்.

திருமந்திரத்தின் யாக்கை நிலையாமையில் உள்ள 145-ஆம் பாட்டு நம் துக்க வீடுகளில் எத்தனையோ தடவை ஒலித்தது:

ஊரெலாங் கூடி ஒலிக்க அழுதிட்டுப்
பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டுச்
சூரையங் காட்டிடைக் கொண்டுபோய்ச் சுட்டிட்டு
நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே.

நாலு அடியில் நாலு வேலை. எனக்கு இதில் உறைப்பது இரண்டாம் அடி. உடற்கூற்று மண்டபத்திலும் அதுவே நடக்கிறது. பேர் பதிவேட்டோடு நின்றுவிடும், மேசைக்கு வருவது இலக்கம் மட்டும். ஒரு வித்தியாசம், அங்கே அந்த இலக்கத்தைக் காப்பாற்றுகிறார்கள். வழித்தெடுத்த கொழுப்பு, வெட்டிய தோல் எல்லாம் அதே இலக்கம் ஒட்டிய வாளிக்குள் போகும். மாதங்கள் கழித்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அடக்கம் செய்யும்போது ஒருவர் இன்னொருவரோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. கொடுத்தவர்களுக்காகப் பௌத்த முறைப்படி பிரித் ஓதி, தானம் கொடுத்துப் புண்ணியம் சேர்ப்பிக்கும் வழக்கமும் இந்த நாட்டில் உண்டு.

பிரித் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். மலைநாட்டில் நம் பக்கத்து வீட்டுச் சிங்களவரின் மரபிலும் உடம்பை உறுப்பு உறுப்பாக எண்ணுகிற பாடம் இருக்கிறது. முப்பத்திரண்டு கூறு. தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல் என்று ஆரம்பித்து உள்ளே போகும். சாமணேரராகத் துறவு ஏற்கிறவருக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது அந்த ஐந்தைத்தான். ஐந்தும் கத்தி வைக்காமலே கண்ணுக்குத் தெரிகிற பகுதிகள் என்பதைக் கவனியுங்கள். நாலடியாரின் சமணரும் அந்தப் பாலி மரபும் உடம்பின் வெளிப்புறத்தில்தான் தொடங்குகிறார்கள். ஒருவர் தோல் போனால் காக்கை வரும் என்கிறார், மற்றவர் தோலையும் ஒரு கூறு என்று எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். என்னைக் கேட்டால் எண்ணுகிறவரின் முறையில் வெறுப்பு குறைவு.

திருமூலர் தனக்குத்தானே மறுமொழி எழுதியவர் என்பதையும் மறக்கக்கூடாது. யாக்கையைச் சுட்டு, குளித்து, மறந்துபோகிறவர்களைப் பாடிய அதே நூலில் 725-ஆம் பாட்டு ‘உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன்’ என்று ஒப்புக்கொண்டு, ‘உடம்பினை யானிருந்து ஓம்புகின் றேனே’ என்று முடிகிறது. எதிர்ப்பாட்டு எழுதினால் பெரியவர்களை அவமதித்ததாகும் என்று தயங்குகிறவர்களுக்கு இந்த ஒரு பாட்டே போதுமான அனுமதி.

ஐரோப்பாவிலும் ஒருவர் இந்த மேசையிலிருந்து எழுதினார். ஜேர்மன் மருத்துவரான கொட்ஃப்ரீட் பென், 1912-இல் பிணவறைக் கவிதைகளை வெளியிட்டார். முதல் கவிதையில் நீரில் மூழ்கி இறந்த ஒரு பியர் வண்டிக்காரர். யாரோ அவர் பற்களுக்கு இடையில் ஒரு சிறிய அஸ்டர் பூவைச் செருகியிருக்கிறார்கள். தைக்கும்போது மருத்துவர் அந்தப் பூவை நெஞ்சறைக்குள் வைத்து, உன் சாடியில் வயிறாரக் குடி என்று பூவோடு பேசுகிறார். மனிதரோடு ஒரு சொல்லும் பேசவில்லை. பேர் இல்லை, ஆனாலும் தொழில் மிஞ்சியிருக்கிறது.

மலையகப் பாட்டுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். வாய்மொழியாக வந்த நாலு வரி:

கூனி அடிச்ச மலை
கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்.

இதில் ஒரு உறுப்பும் இல்லை. கை இல்லை, கால் இல்லை, பிணம் என்ற சொல்கூட இல்லை. மலை மூன்று தரம் வருகிறது, அண்ணன் ஒரு தரம். தோற்றது, அதாவது பறிகொடுத்தது, அண்ணனை. விரலால் காட்ட முடிவது மலையை. தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த பாதையிலும் கோப்பி மலைகளிலும் விழுந்தவர்களுக்கு மணிமேகலை பாடிய சுடுகாடான சக்கரவாளக் கோட்டமும் இல்லை, பிணத்தை இட்டுப் புதைக்கிற ஈமத்தாழியும் இல்லை.

1914-இல் மடகொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ அ. பாலையா தமிழாக்கிய கவிதையில் இந்தக் குறை வெளிப்படையாக வருகிறது. தேயிலைக்கு அடியில் புழுதிக்குள் புழுதியாகக் கிடக்கிறவர்கள், அவர்களுக்கு ஒரு கல்லறை எழுப்ப ஆளில்லை, ஆண்டவன் தன் புல்லால் மூடினான் என்பது அதன் சாரம். பலர் இதை உருவகம் என்று படிக்கிறார்கள். நான் இதை மண்ணியலாகவும் படிப்பேன். தேயிலைக்குப் பிடித்தது புளிப்பு மண். அதன் அமிலகார அளவு (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செடி செழிக்கும். காய்ந்த என்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கல்சியம் பொசுபேற்றுச் சேர்ந்த கனிமம். புளிப்பு நீரில் அது கரையும். மழை கொட்டுகிற சரிவில், நீர் தொடர்ந்து ஊறி வடிகிற மண்ணில் இன்னும் வேகமாகக் கரையும். வறண்ட ஊர்களில் நூற்றாண்டுகள் கிடக்கக்கூடிய என்பு இங்கே நிலைப்பது கஷ்டம். தேயிலையை வாழவைக்கிற அதே தன்மைதான் அதை நட்டவர்களின் எலும்பை அழிக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலைக்குப் புளிப்பைத் தணிக்க டொலமைற்று வீசுவார்கள். அதிலும் கல்சியம்தான். இதற்கு மேல் உருவகம் எதற்கு?

பழைய பாட்டுகளில் உடம்பு இருக்கிறது, ஆள் இல்லை. மலைநாட்டுப் பாட்டில் ஆள் இருக்கிறார், உடம்பு இல்லை. எதிர்ப்பாட்டு எழுதுகிறவருக்குக் காத்திருக்கிற வேலை அந்த இடைவெளியில்தான். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்களை மூடியபோது, எத்தனையோ பேரின் உடல் கைக்குக் கிடைக்கவேயில்லை. உடம்பில்லாத துக்கம் நமக்குப் பழங்கதையல்ல.

இனிக் கருவிகள். முதல் கருவி சொல்.

கவிதைகளில் அதிகம் பாழாகிற சொல் நரம்பு. பேச்சில் நாளத்தையும் நரம்பு என்கிறோம், தசைநாணையும் நரம்பு என்கிறோம், உண்மையான நரம்பையும் அதே பேரால்தான் அழைக்கிறோம். ‘நரம்பெல்லாம் இரத்தம் ஓட’ என்று எழுதியவர் நாளத்தை நினைத்திருக்கிறார். ‘நரம்பு இழுத்துப் பிடிக்குது’ என்கிறவர் பெரும்பாலும் தசையையோ தசைநாணையோ சொல்கிறார். பிரித்தறியப் படம் கூடத் தேவையில்லை, சொந்தக் கை போதும். பெருவிரலையும் சுண்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவில் ஒரு கயிறு எழும்பும். அது தசைநாண். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அதனால் கைக்கு ஒரு குறையும் இல்லை. புறங்கையைக் கீழே தொங்கவிட்டால் நீலமாகப் புடைப்பது நாளம். பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் விரலுக்குத் தட்டுவது நாடி. முழங்கையின் உட்பக்க மேட்டுக்குப் பின்னால் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரிச் சுள்ளென்று ஓடுமே, அதுதான் நரம்பு. திறந்த உடம்பிலும் இதே பிரிவினைதான்: நரம்பு உள்ளே துளையில்லாத வெள்ளைக் கயிறு, நாடி வெறுமையானாலும் வட்டம் குலையாத தடித்த குழாய், நாளம் அமுங்கித் தட்டையாகிவிடுகிற மெல்லிய குழாய்.

நம் பாடப்புத்தகத் தமிழில் இருக்கிற வளத்தை நம் கவிஞர்கள் பாவிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை. தமிழகத்தார் தமனி, சிரை, திசு, செல் என்பார்கள். நாம் நாடி, நாளம், இழையம், கலம் என்று படித்தோம். இழையம் என்ற சொல்லுக்குள் நெசவே இருக்கிறது. கலம் என்றால் உயிரின் மிகச் சிறிய அலகு, கலம் என்றால் பானையும்தான். புறநானூற்று 256-ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ‘கலஞ்செய் கோவே’ என்று குயவனைக் கூப்பிட்டு, ஈமத்தாழியைத் தனக்கும் இடம் இருக்கிற மாதிரி அகலமாக வனையச் சொல்கிறாள். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளைக்கு அந்தக் ‘கலம்’ இரண்டு அர்த்தத்தோடும் கேட்கும். இலங்கைத் தமிழில் எழுதுகிறவருக்கு மட்டுமே இலவசமாகக் கிடைத்த சிலேடை இது. உடற்கூறு நம் மொழிக்குப் புதிதாக வந்த விருந்தாளியும் இல்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழில் வைத்தியம் சொல்லிக்கொடுத்து, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று ஒரு பெரும் உடற்கூற்று நூலைத் தமிழில் கொண்டுவந்தார். பாதாதிகேசம், கேசாதிபாதம் பாடிப் பழகிய காதுக்கு அந்தத் தலைப்பே ஒரு பிரபந்தம்.

அடுத்தது, எந்த உறுப்பு. முழு உடம்பையும் ஒரே கவிதைக்குள் அடக்கப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. மேசையில் ஒரு நாளைக்கு ஒரு பகுதி, சில நாளில் ஒரு பகுதியின் பாதி. கவிதைக்கும் அதே கணக்கு. மலையகத்திலிருந்து எழுதுகிறவருக்கு நான் சொல்வது உள்ளங்கை.

உள்ளங்கைத் தோலை விடுவிப்பது சிரமம். புறங்கைத் தோல் துணி மாதிரித் தூக்க வரும். உள்ளங்கைத் தோல் அடியிலுள்ள நார்த்தகட்டோடு கோத்துக் கட்டியிருக்கும், பொருளைப் பிடித்தால் நழுவாமல் இருப்பதற்காக. மணிக்கட்டின் நடுவிலிருந்து நடுவிரல் அடி வரை ஒரு கீறல், விரல்களின் அடியோரமாகக் குறுக்கே ஒன்று, பெருவிரலை நோக்கி ஒன்று. நார்த்தகட்டை எடுக்கும்போது அவசரப்பட்டால், அதற்குச் சற்றுக் கீழே வளைந்து ஓடும் நாடி வில் அறுந்துவிடும். பெருவிரல் மேட்டின் தசைகளுக்குப் போகும் ஒரு குட்டி நரம்புக்கிளை இன்னும் மேலாகக் கிடக்கிறது. கொழுப்பென்று நினைத்து வழித்துவிடுவார்கள். உயிருள்ள கையில் அந்தக் கிளை போனால் பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவர முடியாது, அதாவது கொழுந்து கிள்ள முடியாது. அவற்றுக்கும் கீழே, மணிக்கட்டின் ஒடுங்கிய குகை வழியாக ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. வேலையால் தசைநாண் உறை வீங்கினால் இடம் இல்லாமல் நசுங்குவது அந்த நரம்பு. இராத்திரியில் கை விறைத்து, உதறி உதறி எழும்புகிற பெண்களைக் கேட்டால் குகையின் பேர் தெரியாது, வலி தெரியும்.

விரல்களை மடக்கும் ஆழத்துத் தசைநாண்களில் நாலு சின்னத் தசைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்புழு வடிவம், இலத்தீன் பேரும் மண்புழுவிலிருந்து வந்ததுதான். மற்றத் தசைகள் என்பில் பிறந்து என்பில் முடிகிற வழக்கத்துக்கு இவை விலக்கு. தசைநாணில் பிறந்து, விரலின் முதுகுப் பக்கத்து நாண்விரிப்பில் முடிகின்றன. என்பையே தொடாத தசை. அவை செய்கிற வேலை, விரலடியை மடக்கி, விரலின் மிச்ச இரண்டு மூட்டையும் நிமிர்த்துவது. இப்போது உங்கள் கையை அப்படி வைத்துப் பெருவிரலை எதிரே கொண்டுவாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற கை அது. ஒரு கொழுந்து ஒரு கிராம் என்று தாராளமாக வைத்தாலும், ஒரு நாளில் பறிக்கிற பதினெட்டுக் கிலோவுக்குப் பதினெட்டாயிரம் கொழுந்து. ஒரு பிடியில் நாலைந்து சேர்ந்து வரும்தான், ஆனாலும் அசைவுகளின் கணக்கு ஆயிரங்களில்தான் நிற்கும்.

இதை வைத்து எப்படி எழுதுவது? வழக்கமாக வருகிற முதல் வரைவு இந்த மாதிரி இருக்கும்:

நரம்புகள் அறுந்த
அம்மாவின் கைகளில்
தேயிலை மலர்ந்தது.

மூன்று வரியில் மூன்று பிழை. நரம்பு அறுந்த கை கிள்ளாது. ‘கைகள்’ என்ற பன்மை கையைப் பார்க்கவிடாமல் செய்கிறது. தேயிலை பூத்தால் அது தோட்டத்துக்கு நட்டம், பூக்கவிடாமல் துளிர்க்கவைப்பதற்குத்தானே கிள்ளுகிறார்கள். திருத்தினால் இப்படி வரலாம்:

உள்ளங்கைக்குள் நாலு மண்புழு.
என்பைத் தொட்டதில்லை ஒன்றும்.
விரலடி மடிய, விரல்நுனி நிமிர,
பெருவிரல் எதிரே வர
ஒரு இலை, ஒரு இலை, ஒரு மொட்டு.
செக்ரோலில் உன் நம்பர் இருக்கு அப்பாயி.
உன் பேரை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

செக்ரோல் என்பது தோட்டத்து வேலையாட்களின் பதிவேடு. பெரிய கவிதை என்று சொல்லவரவில்லை. ஐந்தாம் வரியில் ஓசை சற்று இழுபடுகிறது, மண்புழுவைத் தசை என்று அறியாதவர் மண்ணுக்குள் புதைத்த கை என்று படித்துவிடவும் கூடும். அந்த இரண்டாம் வாசிப்பு வந்தால் வரட்டும் என்றே விட்டேன். கவனிக்க வேண்டியது வேறு. இரத்தம் இல்லை, கத்தி இல்லை, ஐயோ இல்லை. உணர்ச்சிச் சொல் ஒன்றுகூடப் போடாமல் அசைவை வரிசைப்படி சொன்னாலே வாசிக்கிறவரின் கை தானாக அந்த வடிவத்துக்கு வந்துபார்க்கும். அப்படி வந்தால் கவிதை வேலை செய்கிறது. சத்தமாக வாசித்து, கேட்கிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள்.

எண்ணிக்கையைக் கவிதைக்குள் கொண்டுவரும்போது ஒன்றோடு நிறுத்துவது நல்லது. பதினெட்டுக் கிலோ, ஒன்பது தசைநாண், நாலு தசை என்று மூன்றையும் அடுக்கினால் கணக்கப்பிள்ளையின் கொப்பி மாதிரி ஆகிவிடும். நாலடியார் கொடுத்ததும் ஒரே ஒரு அளவுதான்.

உடலைக் கொடுக்க நினைக்கிறவர்கள் பற்றியும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். உயிரோடு இருக்கும்போதே சம்மதத்தை எழுத்தில் கொடுத்து வைக்கவேண்டும். அதைவிட முக்கியம் வீட்டாருக்குச் சொல்லி வைப்பது, ஏனென்றால் கடைசியில் தொலைபேசியை எடுக்கவேண்டியவர்கள் அவர்கள்தான். பிரேத பரிசோதனை செய்த உடலையும், தொற்று நோயோடு இறந்தவரையும், பழுதாகத் தொடங்கிவிட்ட உடலையும் பொதுவாக ஏற்கமாட்டார்கள். தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே ஒரு மணித்தியாலம் எடுக்கிற இடங்களில் மூன்றாவது காரணம்தான் குறுக்கே நிற்கும். எட்டாம் நாள் சடங்குக்கு எதை வைப்பது என்ற கேள்வி வரும். ஒரு படம் வைக்கலாம். கண் மட்டும் கொடுப்பதானால் சில மணித்தியாலத்துக்குள் எடுத்துவிடுவார்கள், உடல் வீட்டிலேயே இருக்கும். ஹட்சன் சில்வா 1961-இல் தொடங்கிய கண்தான சங்கத்தால் இந்த நாட்டுக் கண்கள் கடல் தாண்டியும் போயிருக்கின்றன.

பேருக்குத் திரும்பலாம். நம் பேச்சில் இறந்த உடலுக்கு ஆங்கிலத்திலிருந்து எடுத்த சொல் ‘பொடி’. தமிழகத்தார் ‘பாடி’ என்பார்கள். நம் வாயில் அது பொடி ஆகும்போது தூளும் புழுதியும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. துக்க வீட்டு வாசலில், தப்புச் சத்தத்துக்கு நடுவே, மரண உதவிச் சங்கத்துக்காரர் ஒருவர் கேட்பார், “மாமா, பொடிய எத்தன மணிக்கு எடுக்கிறது?” மாமா நேரம் சொல்வார். அந்த வாசலில் திருமூலர் சொன்னது ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது. அதே நேரத்தில் உள்ளே, காம்பராவுக்குள், பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். அங்கேயும் பேர் சொல்லமாட்டார்கள், உயிரோடு இருக்கும்போதும் பேர் சொல்லி அழைத்ததில்லையே. பிணம் என்றும் சொல்லமாட்டார்கள். ‘என்னப் பெத்த ஆத்தா’ என்று தொடங்கி, தலை சீவிவிட்ட கை, தூக்கிச் சுமந்த தோள், மலையேறின கால் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறார்கள். வாசலில் நேரம் கேட்டவர், அது முடியட்டும் என்று இஸ்தோப்பில் காத்துக்கொண்டு நிற்கிறார்.